திருக்கையின் கண் வெளுத்தால் முதலில் மருந்துப் புட்டியை மூடுங்கள்

கேள்வி: ஐயா, என்னிடம் நாலு வருடமாக ஒரு மோட்டோரோ (தென்னமெரிக்க நன்னீர்) திருக்கை இருக்கிறது. ஆண். உடல் குறுக்கே 40 செ.மீ. இருக்கும். டேங்க் 7 அடி நீளம், 3 அடி அகலம், தண்ணீர் 20 அங்குலம். கூடவே ஒரு சில்வர் அரோவனா, இரண்டு சக்கர் மீன். போர்வெல் தண்ணீர்தான், டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) 850. குளிர் தொடங்கியதால் 300 வாட் கண்ணாடி ஹீட்டர் போட்டேன். பத்து நாளுக்கு முன் வலது கண்ணில் அரிசிக் குருணை அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. கடைக்காரர் சொன்னபடி மெத்திலீன் ப்ளூ ஊற்றி, இரண்டு கைப்பிடி கல்லுப்பு போட்டேன். மூன்றாம் நாளிலிருந்து டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல் தினம் பத்து உடைத்துப் போட்டேன். புள்ளி அப்படியே இருக்கிறது. இப்போது இரண்டு கண்ணிலும் பனி படிந்த மாதிரி ஒரு மங்கல். இறால் போட்டால் தின்கிறது. கிட்டில் பார்த்தால் அம்மோனியா 1, நைட்ரைட் 0.5, பி.எச். 8.2, வெப்பம் 27 டிகிரி. குருடாகிவிடுமா? என்ன சொட்டு மருந்து வாங்கலாம்? (வாசகர், கோவை)

பதில்:

வணக்கம். உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. வலது கண்ணில் முதலில் வந்த புள்ளி ஒன்று. பிறகு இரண்டு கண்ணிலும் படர்ந்த மங்கல் வேறொன்று. முதலாவது, எதிலாவது உரசியோ சுட்டோ கடிபட்டோ வந்த காயமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டாவது, அந்தக் காயத்துக்குப் போட்ட மருந்தால் தண்ணீர் கெட்டு வந்தது. இரண்டும் ஒரே நோய் முற்றியது என்று நினைத்து இதைவிட வீரியமான மருந்தைத் தேடிப் போனீர்களானால், கண் போவது இருக்கட்டும், மீனே போய்விடும்.

திருக்கையின் கண்ணைப் பார்க்கும்போது முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ஒரு கண்ணா, இரண்டு கண்ணுமா? ஒற்றைக் கண் என்றால் அடிபட்டதா என்று தேட வேண்டும். இரண்டும் சேர்ந்தாற்போல் மங்கினால் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, பின்னால் சொல்கிறேன். உங்கள் மீனின் கதை அந்த விதிவிலக்குகளில் சேராது. நீங்கள் எழுதிய எண்களே அதைச் சொல்கின்றன.

அம்மோனியா 1 என்பதைப் பி.எச்., வெப்பம் இரண்டோடும் சேர்த்துப் படிக்க வேண்டும். கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் ஒரு பகுதிதான் நச்சு வடிவத்தில் இருக்கும்; பி.எச். ஏற ஏற அந்தப் பகுதி பெருகும். பி.எச். 7, வெப்பம் 27 டிகிரி என்றால் மொத்தத்தில் 0.65 விழுக்காடுதான் நச்சு. அதே தண்ணீர் 8.2-இல் இருந்தால் ஒன்பது விழுக்காட்டுக்கு மேல். அதாவது உங்கள் டேங்கில் லிட்டருக்கு ஏறக்குறைய 0.09 மி.கி. நச்சு அம்மோனியா இருக்கிறது. 0.02-ஐத் தாண்டினாலே செவுளும் கண்ணின் மேல்தோலும் அரிப்புக்கு ஆளாகத் தொடங்கும். திருக்கைக்குக் கண்ணை மூடிக்கொள்ள இமை கிடையாது. கண்ணைக் குழிக்குள் இழுத்துக்கொள்ள முடியும், அவ்வளவுதான். இரவும் பகலும் அந்தத் தண்ணீரிலேயே கண் ஊறுகிறது.

அம்மோனியா எங்கிருந்து வந்தது? மெத்திலீன் ப்ளூ பூஞ்சையை அடக்கும், முட்டைகளைக் காக்கும். ஆனால் ஃபில்டரில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும் டேங்கில் அதை ஊற்றவே கூடாது, தனித் தொட்டியில்தான் பயன்படுத்த வேண்டும். மிச்சம் இருந்ததை டெட்ராசைக்ளின் பார்த்துக்கொண்டது. அந்த மருந்தால் மீனுக்காவது பலன் உண்டா என்றால், அதுவும் இல்லை. உங்களுடையது கடினத்தன்மை மிகுந்த போர்வெல் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் டெட்ராசைக்ளினைப் பிடித்துக் கட்டிவிடும். மீனின் உடலுக்குள் போய்ச் சேருவது சொற்பம். வெளிச்சம் பட்டால் அது பழுப்பாகிக் கெட்டும் போகும். தண்ணீர் தேநீர் நிறத்தில் நுரை கட்டியிருக்குமே, அது மருந்து வேலை செய்வதன் அடையாளம் இல்லை, வீணாவதன் அடையாளம்.

ஆகவே இன்று தொடங்க வேண்டியது தண்ணீரிலிருந்து. உங்கள் டேங்கில் இருப்பது ஏறக்குறைய 990 லிட்டர். ஆயிரம் என்றே வைத்துக்கொள்வோம். இன்று 400 லிட்டர் எடுத்துவிட்டு 400 லிட்டர் விடுங்கள். நாளையும் அதேபோல். மறுநாளும். ஒவ்வொரு முறையும் அம்மோனியா 1 என்பது 0.6, 0.36, 0.22 என்று இறங்கும். மீன் தினமும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டிருப்பதால் நடைமுறையில் சற்று மெதுவாக இறங்கும். ஒரே நாளில் 80 விழுக்காடு மாற்றிவிடலாமே என்று தோன்றும். வெப்பமும் டி.டி.எஸ்.ஸும் துல்லியமாக ஒத்துப்போனாலொழிய அது வேண்டாம்.

போர்வெல் தண்ணீரை மோட்டாரிலிருந்து நேராக டேங்குக்குள் விடும் பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விட்டுவிடுங்கள். நிலத்தடியில் அழுத்தத்தில் இருந்த தண்ணீரில் காற்று அளவுக்கு மேல் கரைந்திருக்கும். வெளியே வந்ததும் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி அது நுண்குமிழிகளாகப் பிரியும். தண்ணீரில் மட்டும் இல்லை, மீனின் இரத்தத்திலும் கண்ணிலும். ஒரு சின்டெக்ஸ் தொட்டியில் பிடித்து, இரண்டு ஏர் ஸ்டோன் போட்டு ஓர் இரவு முழுக்கக் கொதிக்கிற மாதிரி காற்று விட்டு, வெப்பம் டேங்கோடு ஒரு டிகிரிக்குள் ஒத்துவந்ததும் ஊற்றுங்கள். சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் அதைக் கால் பங்கு கலந்துகொண்டால் டி.டி.எஸ். இறங்கும், நல்லதுதான். ஆனால் அதில் குளோரின் உண்டு. லிட்டருக்கு 1 மி.கி. குளோரினை முறிக்க 7 மி.கி. ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) படிகம் தேவை. 100 லிட்டருக்கு 0.7 கிராம் போதும், சற்றுத் தாராளமாக 1 கிராம் போடலாம். கடையில் ஆன்டி-குளோரின் என்று சின்னப் புட்டியில் கிடைப்பதும் பெரும்பாலும் இதே சரக்குதான். இதைக் கிலோவாக வாங்கினால் மலிவு.

உப்பு விஷயத்தில் கைப்பிடிக் கணக்கு உதவாது. இரண்டு கைப்பிடி ஆயிரம் லிட்டரில் ஒன்றுமே இல்லை. அதே இரண்டு கைப்பிடி இருபது லிட்டர் தொட்டியில் ஆபத்து. நைட்ரைட் 0.5 இருப்பதால் லிட்டருக்கு அரை கிராம் போடுங்கள்: அயோடின் கலக்காத கல்லுப்பு 500 கிராம், வாளியில் கரைத்து, மூன்று பங்காக, ஒரு நாள் முழுக்கப் பரப்பி. உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்தில் நுழைவதைத் தடுக்கும். இந்த நைட்ரைட் அளவுக்கு அது தாராளம். அதற்கு மேல் ஏற்றாதீர்கள். கடல் திருக்கைகள் இரத்தத்தில் யூரியாவைத் தேக்கி உப்பைச் சமாளிக்கின்றன. பரானா, அமேசான், ஒரினோகோ ஆறுகளில் வாழும் இந்தத் தென்னமெரிக்கக் குடும்பம் அந்த வித்தையைத் தொலைத்து எத்தனையோ காலமாகிறது. உப்பை வெளியேற்றும் சுரப்பியும் இவற்றில் சுருங்கிவிட்டது. திருக்கை கடல் மீன்தானே, உப்பு ஒத்துக்கொள்ளும் என்று சொல்கிறவர்கள் பேரைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

மெத்திலீன் ப்ளூவின் மிச்சத்தை எடுக்க சம்பில் (டேங்கோடு இணைந்த ஃபில்டர் தொட்டியில்) ஒரு கிலோ ஆக்டிவேட்டட் கார்பனைத் துணிப்பையில் கட்டி இரண்டு நாள் வையுங்கள். நோயில்லாத டேங்க் வைத்திருக்கும் நண்பரிடமிருந்து நல்ல பாக்டீரியா ஒட்டியிருக்கும் பழைய பயோ பாலோ செராமிக் ரிங்கோ ஒரு பை கிடைத்தால், ஃபில்டர் தானாகத் தேறுவதற்கு ஆகும் வாரக்கணக்கான காலம் பாதியாகக் குறையும். இரண்டு நாள் தீனி நிறுத்துங்கள். இந்த அளவு வளர்ந்த மீனுக்கு அது ஒன்றும் செய்யாது, 15 செ.மீ. குட்டியாக இருந்தால் இதைச் சொல்லமாட்டேன். பி.எச். இறக்குகிறேன் என்று அமிலம் எதையும் ஊற்றாதீர்கள். பண்ணையில் பிறந்து வரும் மோட்டோரோ 8-க்கும் பழகிக்கொள்ளும், பி.எச். ஊஞ்சலாடினால்தான் தாங்காது.

இவ்வளவும் செய்தால், இரண்டு கண்ணிலும் படர்ந்த அந்தப் பனி மங்கல் ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் விலக வேண்டும். மருந்தே இல்லாமல். இடது கண் முதலில் தெளியும். அது தெளிந்தால் நான் மேலே சொன்னது சரி. தண்ணீர் எண்கள் எல்லாம் சரியான பிறகும் ஒரு வாரம் அப்படியே இருந்தால் வேறு காரணம் தேட வேண்டும்.

இனி வலது கண்ணின் புள்ளி. அது எந்த அடுக்கில் இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும், அதை வீட்டிலேயே பார்க்கலாம். இரவில் டேங்க் விளக்கை அணைத்து, அறை விளக்கையும் குறைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். மீன் தரையில் அமர்ந்ததும், டார்ச்சை கண்ணாடிக்கு வெளியே, மீனின் கண் மட்டத்துக்கு இறக்கி, பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடியுங்கள். நேர் மேலேயிருந்து அடித்தால் தண்ணீரின் பளபளப்புதான் தெரியும், கண் தெரியாது. இன்னொருவரை ஃபோனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பிறகு நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம்.

திருக்கையின் கண் தலைமேல் ஒரு சிறு குமிழ் மாதிரி எழும்பி நிற்கும். அந்தக் குமிழின் கண்ணாடி மூடிதான் கார்னியா. பக்கவாட்டு வெளிச்சத்தில் புள்ளி அந்த வளைவின் விளிம்பிலேயே ஒட்டியிருந்தால், அதன் நிழல் உள்ளே ஐரிஸ் என்னும் நிற வளையத்தின் மேல் விழுந்தால், கோளாறு மேற்பரப்பில். ஐரிஸின் தங்க நிறமும் கோடுகளும் தெளிவாகத் தெரிந்து, நடுவில் பாவைக்குள் (கருந்துளைக்குள்) மட்டும் பால்வெண்மையாக ஓர் உருண்டை தெரிந்தால், அது லென்ஸ், புரை. கண் முழுவதும் வழக்கத்தைவிடத் துருத்திக்கொண்டிருந்தால் கோளாறு கண்ணுக்குப் பின்னால். இந்த மூன்றையும் கடைக்காரர் வெள்ளைக்கண் என்ற ஒரே பேரில் ஒரே மருந்தால் தீர்க்கப் பார்ப்பார்.

இந்தச் சோதனையில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வெளிச்சம் கூடினால் திருக்கையின் பாவை, மேலேயிருந்து ஒரு மடல் திரைபோல் இறங்கி, பிறை வடிவமாகச் சுருங்கும். பழக்கமில்லாதவர்கள் அந்த மடலைப் பார்த்துக் கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது என்று பதறிப் போகிறார்கள். டார்ச்சை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து மங்கலான ஒளியில் பாருங்கள். மடல் மேலேறிவிட்டிருந்தால் அது இயல்பு. இரண்டு கண்ணிலும் ஒரே சீராக ஏறி இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். ஒன்று மட்டும் அசையவில்லை என்றால், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவருக்குப் பயன்படும்.

நீங்கள் எழுதியது குருணை அளவில், எல்லை தெளிவான புள்ளி என்பதால் கார்னியாவில் ஏற்பட்ட புண் என்றே எடுத்துக்கொள்கிறேன். புண்ணின் நடுவில் மஞ்சள் கலந்த வெண்மை, ஓரத்தில் சாம்பல் வளையம் என்றால் கிருமி ஏறியிருக்கிறது. பஞ்சு மாதிரி இழை ஆடினால் பூஞ்சை அல்லது அதுபோல் தோன்றும் பாக்டீரியா. வழவழவென்று வெள்ளையாக, நாளுக்கு நாள் அளவு மாறாமல் இருந்தால் புண் ஆறித் தழும்பாகியிருக்கலாம். தழும்புக்கு எந்த மருந்தும் கிடையாது, தேவையும் கிடையாது. ஆறாத புண் உள்ள கண்ணை மீன் அடிக்கடி உள்ளே இழுத்துக்கொள்ளும். மற்றக் கண் குமிழாக நிற்க, இது மட்டும் பள்ளமாகத் தெரிந்தால் வலிக்கிறது என்று பொருள்.

காயத்துக்குக் காரணம் டேங்குக்குள்ளேயேதான் இருக்கும். நீங்கள் எழுதியதிலேயே இரண்டு தெரிகிறது.

முதல் சந்தேகம் சக்கர் மீன்கள். சின்னதில் பாசியைத் தின்னும். பெரிதானால் திருக்கையின் முதுகிலுள்ள வழுவழுப்பின் சுவை அதற்குப் பிடித்துப்போகும். இரவில் திருக்கை அசையாமல் கிடக்கும்போது மேலே ஒட்டிக்கொண்டு உறிஞ்சும், வாயிலுள்ள அரம் போன்ற பற்களால் தேய்க்கும். மீனின் முதுகை நன்றாகப் பாருங்கள்: ஒரு ரூபாய்க் காசு அளவில் வட்டவட்டமாக நிறம் வெளுத்த தடங்கள் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. தடம் இல்லாவிட்டாலும் இரண்டையும் இன்றே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். குளத்தில் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நம் ஏரி குளங்களில் ஏற்கெனவே இவை பெருகி மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது, அந்தக் கண்ணாடி ஹீட்டர். குளிர் தொடங்கியதும் ஹீட்டர், அதன் பிறகு புள்ளி என்ற வரிசையும் பொருந்துகிறது. திருக்கை கதகதப்பைத் தேடி ஹீட்டரின் மேலேயே சாய்ந்து படுக்கும். சுடுகிறது என்று உடனே விலகவும் தெரியாது. சூட்டுக்காயம் பெரும்பாலும் உடல் ஓரத்தில் நேர்க்கோடாக, வெளிறி, தோல் உரிந்து தெரியும். ஹீட்டரை சம்புக்குள் மாற்றிவிடுங்கள். சம்ப் இல்லையென்றால் துளையிட்ட பி.வி.சி. குழாய்க்குள் நுழைத்து, இரண்டு முனையும் மூடி, நின்றவாக்கில் மாட்டுங்கள். தண்ணீர் மாற்றும்போது ஹீட்டரை அணைத்து ஆற விட வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

மூன்றாவதாக நான் கேட்க வேண்டியது: அடியில் மணல் இருக்கிறதா, இருந்தால் என்ன மணல்? ஆற்று மணல் கிடைக்காததால் பலர் எம்-சாண்ட் போட்டுவிடுகிறார்கள். அது கருங்கல்லை உடைத்த தூள். ஒவ்வொரு மணியிலும் கூரான முனை இருக்கும். திருக்கை உடலை அலைத்து மணலை வாரி முதுகில் போட்டுக்கொண்டு, கண்ணை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும் பிராணி. ஒவ்வொரு முறையும் அந்தத் தூள் கண்மேல்தான் விழும். சலித்துக் கழுவிய, உருண்டையான மணலாக இருக்க வேண்டும். விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தால் குத்தக் கூடாது. கிடைக்கவில்லையா, மணலே வேண்டாம், வெறும் தரை போதும்.

சரி, புண்ணுக்கு மருந்து. மெடிக்கல் ஷாப்பில் கண் சொட்டு மருந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பதில் பாதி, ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டு கலந்தது. லேபிளில் டெக்ஸாமெதாசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெதாசோன் என்று எது இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். ஆறாத புண்ணில் ஸ்டீராய்டு விட்டால் புதுத் தோல் மூடுவது தடைப்படும், கிருமி உள்ளே இறங்கும். கண் ஓட்டையாகவும் போகலாம். மனிதருக்கும் நாய்க்கும் சொல்லும் அதே எச்சரிக்கைதான் இது.

புண் ஆறிவிட்டதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல ஒரு எளிய சோதனை உண்டு. ஃப்ளோரசீன் தாளை ஒரு சொட்டு சலைனில் நனைத்துக் கண்ணில் தொட்டு, கழுவி, நீல ஒளியில் பார்த்தால், மேல்தோல் இல்லாத இடம் பச்சையாக ஒளிரும். நாய், பூனைக்கு இதைத் தினம் செய்யும் கால்நடை மருத்துவர் யாராலும் திருக்கைக்கும் செய்ய முடியும். மீன் பார்த்துப் பழகியிருக்க வேண்டும் என்பதில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரம்தான். மீனைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் வீடியோவைக் காட்டிக் கேளுங்கள்.

பச்சை ஒளிர்ந்து, கிருமி ஏறியிருக்கிறது என்று மருத்துவர் முடிவு செய்தால், மருந்தைத் தண்ணீரில் போடுவதைவிடத் தீனியில் வைத்துக் கொடுப்பதே உங்கள் வீட்டுக்குப் பொருத்தம். உங்கள் கடினத் தண்ணீர், இதற்குக் கொடுக்கும் என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கையும் டெட்ராசைக்ளின் மாதிரியே கட்டிப்போடும். வாய்வழி போனால் அந்தச் சிக்கல் இல்லை, ஃபில்டருக்கும் சேதமில்லை. மீன்களுக்கு வழக்கமான அளவு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 10 மி.கி. தண்ணீரோடு டப்பை எடை போட்டு, மீன் அதில் ஏறியபின் மறுபடி எடை போட்டுக் கழித்தால் மீனின் எடை கிடைக்கும். 3 கிலோ என்று வைத்துக்கொண்டால் 30 மி.கி. 10 விழுக்காடு ஊசி மருந்தில் ஒரு மி.லி.க்கு 100 மி.கி. இருக்கிறது, ஆக 0.3 மி.லி. அதை இன்சுலின் சிரிஞ்சில் எடுத்து, தலை நீக்கிய ஒரு இறாலின் சதைக்குள் மெதுவாக ஏற்றி, பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்து, பசியோடு இருக்கும்போது முதல் தீனியாகக் கொடுங்கள். மருந்து கசக்கும், இறால் பெரிதாக இருந்தால் கடித்துத் துப்பிவிடும். ஒரே வாயில் விழுங்கும் அளவாக இருக்கட்டும். அரோவனா நடுவில் புகுந்து பிடுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் சாமர்த்தியம். ஏழிலிருந்து பத்து நாள், இடையில் விடாமல். தீனி எடுக்காத மீனுக்கு மருத்துவர் செஃப்டாசிடிம் போன்ற ஊசியை மூன்று நாளுக்கு ஒருமுறை, முதுகெலும்பை ஒட்டிய தடித்த தசையில் போடலாம். அதை வீட்டில் முயலாதீர்கள்.

சொட்டு மருந்து வேண்டவே வேண்டாமா? புண் ஆழமாக இருந்தால் மட்டும், ஸ்டீராய்டு இல்லாத மாக்ஸிஃப்ளாக்சசின் 0.5 விழுக்காடு, நாளுக்கு ஒருமுறை, ஐந்து நாள். தண்ணீருக்குள் சொட்டு விட்டால் மறுநொடியே கரைந்துபோகும். டப்பில் தண்ணீரைக் கண் மட்டும் வெளியே தெரியும் அளவுக்கு இறக்கி, இரண்டு சொட்டு விட்டு, முக்கால் நிமிடம் பொறுத்து, மறுபடி தண்ணீர் ஏற்ற வேண்டும். கண்ணுக்குப் பின்னாலேயே மூச்சுத்துளை இருப்பதால் அதற்கு மேல் தாமதிக்கக் கூடாது. சாதாரண உரசல் காயத்துக்கு இந்தப் பாடு தேவையில்லை. தினமும் பிடித்துத் தூக்கும் அலைச்சல் மருந்தின் நன்மையைத் தின்றுவிடும்.

பிடிப்பது பற்றி. வலை வேண்டாம். வாலிலுள்ள முள்ளும் முதுகுச் சொரசொரப்பும் வலையில் மாட்டும், நல்ல கண்ணும் தேயும். 60 செ.மீ.க்குக் குறையாத பிளாஸ்டிக் டப்பைத் தண்ணீருக்குள் முக்கி, ஒரு பலகையால் மெல்லத் தள்ளி மீனை அதற்குள் ஓட்டித் தண்ணீரோடு தூக்குங்கள். இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வாலை மட்டுமே கவனிக்க வேண்டும். முள்ளின் மேல் ஒரு துண்டு பி.வி.சி. குழாயை நுழைத்துவிடுவது நல்லது. குத்திவிட்டால் காயத்தைக் கழுவி, தாங்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மிகாமல், வெந்நீரில் ஒரு மணி நேரம் போல முக்கி வையுங்கள். விஷம் சூட்டில் செயலிழக்கும், வலி சட்டென்று குறையும். குறைந்தாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். முள் துணுக்கு உள்ளே நின்றிருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் தேவை.

விதிவிலக்குகள் என்றேனே. கண் துருத்தி, கார்னியாவுக்குள் முத்து முத்தாகக் குமிழி தெரிந்தால் அது கிருமி இல்லை, காற்று. புதுப் போர்வெல் தண்ணீரையும், பம்ப் உறிஞ்சும் குழாயின் இணைப்பில் காற்று இழுக்கிறதா என்பதையும் பாருங்கள். குமிழி இல்லாமல் இரண்டு கண்ணும் துருத்தி, வயிறும் உப்பினால் உள்ளுறுப்பு நோய், அதற்கு மருத்துவர்தான். லென்ஸில் ஊசிமுனைப் புள்ளிகள் நிறைய இருந்தால் நத்தை வழியாக வரும் கண்புழுவாக இருக்கலாம். லிட்டருக்கு 2 மி.கி. ப்ராசிகுவான்டெல் குளியல் கொடுப்பார்கள். ஃபார்மலின், காப்பர் சல்பேட், மாலகைட் கிரீன், ஆர்கனோபாஸ்பேட் வகைப் பேன் மருந்துகள் எதுவும் திருக்கை இருக்கும் தண்ணீரில் படவே கூடாது. மற்ற மீன்கள் தாங்கும் அளவிலேயே இது செத்துப்போகும்.

தின்கிறதே, அப்படியானால் கண் தெரிகிறது என்று நினைத்து ஆறுதல் கொண்டிருப்பீர்கள். அதை நம்பாதீர்கள். கண் முதுகிலும் வாய் வயிற்றுப் பக்கமும் உள்ள மீன் இது. தான் தின்னும் இறாலை அது பார்ப்பதே இல்லை. மோப்பத்தாலும், இரையின் உடலிலிருந்து வரும் நுண்ணிய மின்னலைகளாலும் கண்டுபிடிக்கிறது. உங்கள் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இடது கண் தப்பிவிடும். வலது கண்ணில் தழும்பு நிற்கலாம், பார்வை ஓரளவு குறையலாம். முழுக்கவே போனாலும், ஒற்றைக் கண்ணோடு, ஏன் இரண்டும் இல்லாமலும், கூர்மையான கல்லும் சீண்டும் மீனும் இல்லாத டேங்கில் திருக்கை நன்றாகவே வாழும். தீனியை மட்டும் தினமும் ஒரே மூலையில், அதன் மூக்கருகே இறக்குங்கள்.

இறால் மட்டுமே கொடுத்து வருகிறீர்களானால் அதையும் மாற்றுங்கள். சில இறால், நெத்திலி, மத்தி வகைகளில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் பொருள் உண்டு. ஜிலேபி மீன் துண்டு, மண்புழு, மூழ்கும் பெல்லட் என்று கலந்து கொடுத்து, ஒரு கிலோ தீனிக்கு 25 மி.கி. பி1 மாத்திரைப் பொடி சேர்த்தால் போதும். கோழி ஈரல், மாட்டு இதயம் வேண்டாம். அந்தக் கொழுப்பு இந்த மீனுக்கு ஆகாது.

உடலின் ஓரம் மேல்நோக்கிச் சுருள்வது, மூச்சுத்துளை படபடவென்று அடிப்பது, கண் ஒரே நாளில் மேலும் துருத்துவது, கண்ணுக்குள் இரத்தம், மூன்று நாள் தொடர்ந்து தீனி மறுப்பது: இதில் ஒன்று தெரிந்தாலும் பத்து நாள் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் ஏழாம் நாள் அம்மோனியா, நைட்ரைட், பி.எச். மூன்றையும் மறுபடி பார்த்து, அதே டார்ச், அதே கோணத்தில் இரண்டு கண்ணையும் படமெடுத்து, அடியிலுள்ள மணலில் ஒரு பிடியை வெள்ளைத் தாளில் பரப்பி அதையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.